தவசியின் தட்டில் தின்ற பூனை

அந்தத் தை அமாவாசைக்குக் காக்காய் வரவில்லை. வைகைக்கு வடகரையில் உப்புக்கிணற்றுச் சந்து என்று ஒன்று இருக்கிறது, கிணறு மூடிப்போய்ப் பேர் மட்டும் நிற்கிற சந்து. அங்கே வீட்டுக்கு வீடு குளித்து முழுகி, எள்ளும் பருப்பும் நெய்யும் விட்ட சோற்றை இலைத்துண்டில் வைத்து, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் தண்ணீர் தெளித்து, தொண்டை வறள ‘கா… கா…’ என்று கூப்பிட்டதற்கு, காக்காய்கள் அத்தனையும் செல்போன் கோபுரத்துக் கம்பிகளில் வரிசையாய் உட்கார்ந்து, தங்களுக்கும் அந்தச் சோற்றுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வேடிக்கை பார்த்தன. வந்தவை பூனைகள். சந்தில் எப்போதும் திரிகிற, மீன் கழுவின தண்ணீருக்கு அடித்துக்கொண்டு உருளுகிற அதே பூனைகள்தான், அன்றைக்கு வாலைத் தணித்து, ஒரு சத்தம் காட்டாமல், இந்த வீட்டுக்கு இந்தப் பூனை என்று பேசி வைத்ததுபோல ஏறி வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்துவிட்டுக் கூப்பிட்டவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தன.

பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்த கறுப்புப் பூனை வாழைக்காயை ஒதுக்கிவிட்டு வடையை எடுத்தது.

“பாருங்க, வடைன்னா மாமாவுக்கு இன்னும் அந்தச் சபலம் போகல” என்றாள் பஞ்சவர்ணம். அவள் புருசன் கோச்சடை கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்பாவைக் கும்பிட்டான். அவ்வளவுதான். ஏன் காக்காய்க்குப் பதில் பூனை என்று சந்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. செத்தவர்கள் எந்த வண்டி பிடித்து வந்தால் என்ன, வந்து சேர்ந்தால் சரி என்று இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் வந்து சேர்ந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வினை அதில்தான் ஆரம்பித்தது. காக்காய் என்றால் தின்னும், பறக்கும், அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பூனை அப்படியா? தின்ற இடத்திலேயே படுத்தது. ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து, அரிசி அளக்கிற கையைப் பார்த்தது, எண்ணெய் ஊற்றுகிற கையைப் பார்த்தது, தாய்வீட்டுக்குப் போன் பேசுகிற வாயைப் பார்த்தது. மாமியார் போய்ச் சேர்ந்து நிம்மதியாய் இருந்த மருமகள்கள் எல்லாம் மறுபடியும் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார்கள். கோச்சடை குடித்துவிட்டு வருகிற நாளில் வாசப்படியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று பின்பக்கச் சுவரேறிக் குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான்.

“முன்வாசல் வழியா வந்து தொலையேன், மாமா தூங்குறாரு” என்று பஞ்சவர்ணம் சொன்னால், “தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு இருப்பாரு. எனக்குத் தெரியாதா அவரை?” என்பான்.

அப்புறம் எந்தப் பூனை செத்தவர், எந்தப் பூனை சும்மா பூனை என்கிற சந்தேகம். ஒரு வெள்ளைப் பூனை கீழ்க்கோடி வீட்டில் பெரியம்மாவாகவும் மேல்கோடி வீட்டில் தாத்தாவாகவும் ரெண்டு இடத்திலும் நெய்ச்சோறு தின்றது வெளியே வந்தபோது, ரெண்டு வீட்டுக்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். சந்து கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தது. அடுத்த அமாவாசை அன்று, முந்தின நாள் மீன் வாங்கிவந்த ஒயர்கூடையைக் கழுவாமல் சந்துமுக்கில் வைத்தார்கள். செத்தவர் என்றால் அமாவாசையும் அதுவுமாய்க் கவிச்சியை மோந்துகூடப் பார்க்க மாட்டார் அல்லவா? இலையில் தின்ற மற்றப் பூனைகள் எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போக, வெள்ளைப் பூனை கூடைக்குள் கழுத்துவரைக்கும் தலையை விட்டது. ரெண்டு வீட்டு விளக்குமாறும் ஒன்றாய்ச் சேர்ந்து அதை ஆற்றங்கரை வரைக்கும் விரட்டிவிட்டு வந்தன. அமாவாசையில் கவிச்சி தொட்டது செத்தவர் இல்லை, அன்றிலிருந்து அதுதான் சந்துக்குச் சட்டம்.

இத்தனைக்கும் இலை போடாத வீடு ஒன்றே ஒன்று இருந்தது. பாவாடை தைக்கிற சீனியம்மா வீடு.

சீனியம்மாவின் புருசன் தவசி லாரி ஓட்டினவன். எங்கே கிளம்பினாலும், பெட்டிக்கடைக்கானாலும் வடநாட்டுக்கானாலும், ‘இந்தா வந்துர்றேன்’ என்பதுதான் அவன் சொல். ஆந்திரா பக்கத்தில் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் லாரியை நிறுத்தி, சாவியைக் கடைக்காரன் கையில் கொடுத்து, அவனுக்குப் பாசை புரியுமா புரியாதா என்றுகூடப் பார்க்காமல் அதே சொல்லைச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனான். லாரி திரும்பி வந்தது. சாவி திரும்பி வந்தது. வருசங்கள் வந்து வந்து போயின. ஒரு குறிகாரி ‘இருக்கிறான்’ என்றாள், இன்னொரு குறிகாரி சோழியை உருட்டிவிட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். சீனியம்மா தினமும் தலை சீவி, பொட்டு வைத்து, ஒரு துண்டு மல்லிகையைச் செருகிக்கொண்டு மிசினில் உட்கார்ந்தாள். அந்தப் பூவைச் சந்தே பார்த்தது. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டது.

அந்தத் தை அமாவாசைக்கு மறுநாள், அவள் வீட்டுக்கு எதிரே குழாயடிக் கல்லில் ஒரு சாம்பல் பூனை வந்து உட்கார்ந்தது. காது நுனி கிழிந்த கடுவன். அதற்கு முன்னால் சந்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. சோறு கேட்கவில்லை, கத்தவில்லை, மற்றப் பூனைகளோடு சேரவுமில்லை. மிசின் ஓடுகிறவரைக்கும் கண்ணை மூடிக் கிடக்கும். மிசின் நின்றால் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கும். சந்து முனையில் குருவம்மாவின் குரல் கேட்டால் மட்டும் எழுந்து தண்ணி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். குருவம்மா தவசியின் அக்காள். அவள் வாய்க்குப் பயந்து தவசியும் அந்த டிரம்முக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்தவன்தான்.

சீனியம்மா இதையெல்லாம் பார்த்தாள். நூல் கோக்கிற சாக்கில் பார்த்தாள், துணி உதறுகிற சாக்கில் பார்த்தாள். ஒரு கை சோறு வைத்ததில்லை. வைத்து, அது வந்து, ஒரு வாய் தின்றுவிட்டு மற்றப் பூனைகள் பார்த்த மாதிரி நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டால்? அந்த ஒரு பார்வைக்கு அவள் நெற்றியும் தலையும் வெறுமையாகிப்போகும். அதனால் பூனை அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாய், ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் பொழுதைப் போக்கினார்கள்.

ஆடி பிறந்ததும் குருவம்மா வந்தாள். கல் காலியானது.

“சீனி, எம் மகனுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. தாய்மாமன் இருக்கானா இல்லையான்னு எனக்கு ஒரு சொல்லு வேணும்.”

“இருக்காக மதினி.”

“எங்க?”

சீனியம்மா மிசினை மிதித்தாள். குருவம்மா சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள்.

“இருந்தான்னா மாப்பிள்ளைக்கு அவன்தான் மாலை எடுத்துக் குடுக்கணும். இல்லைன்னா படத்துக்கு ஒரு மாலையப் போட்டுட்டு, எங்க சித்தப்பா மகன அந்த எடத்துல நிக்க வைக்கலாம். இப்படி ரெண்டுங்கெட்டானா நின்னா சம்பந்தகாரவுக என்ன நினைப்பாக? ஓடிப்போனவன் குடும்பம்னு நினைக்க மாட்டாகளா?”

“நினைச்சுட்டுப் போகட்டும்.”

“நீ சொல்லுவ. எனக்கு அவன நினைச்சு ஒரு தடவை வாய்விட்டு அழக்கூட முடியல. இருக்கவனுக்கு அழுதா ஆகாதுங்கிறாக, அழாம இருந்தா நெஞ்சடைக்குது.” குருவம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டிரம்மைக் காட்டினாள். “அந்தா, என்னையக் கண்டதும் ஒளிஞ்சிட்டான். எந் தம்பிய எனக்குத் தெரியாதாடி? வர்ற அமாவாசைக்கு ஒரு இலையப் போட்டு ஒரு தடவை கூப்பிடு. வந்தா தெரிஞ்சுபோகும்.”

“அது சும்மா தெருப் பூனை மதினி.”

“சும்மா தெருப் பூனைன்னா அதுக்கு ஒரு வாய்ப் பால் ஊத்த ஏன் பயப்படுற?”

சீனியம்மா சக்கரத்திலிருந்து அவள் கையை எடுத்துவிட்டு மிசினை மிதித்தாள்.

ஆடி அமாவாசை அன்றைக்குச் சந்து முழுக்க எள்ளு வாசம். எல்லா வீட்டுச் செத்தவர்களும் வந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்போது, குருவம்மா ஒரு இலையைத் தன் கையாலேயே கொண்டுவந்து சீனியம்மா வீட்டு வாசலில் விரித்தாள். சோறு வைத்தாள், தண்ணீர் தெளித்தாள், “தவசி… ஏ தம்பி… கா… கா…” என்று கூப்பிட்டாள். சாம்பல் பூனை கல்லிலிருந்து எழுந்து நெளிந்து சோம்பல் முறித்தது. சீனியம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். பூனை ஒரு சுற்றுச் சுற்றி, இலைக்கு முதுகைக் காட்டி மறுபடி உட்கார்ந்தது.

“எம்மேல கோவம். பொண்டாட்டி கூப்பிட்டாத்தான் வருவான்” என்றாள் குருவம்மா. சந்து ஆமாம் போட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூனை பிடிக்கிற வண்டி வந்து நின்றது. யார் சொல்லி வந்தது என்பது இன்றுவரைக்கும் தெரியாது. பக்கத்துத் தெருக்காரர்கள் எழுதிப் போட்டார்களா, ஜன்னல் கட்டை மாமியாரைத் தாங்கமாட்டாத மருமகள் யாராவது போன் பண்ணினாளா என்று ஆளாளுக்கு அடுத்த ஆளின் முகத்தைப் பார்த்தார்கள். வண்டியிலிருந்து வலையோடு இறங்கினவன் பேர் சகாயம். பொறுமைசாலி.

“அக்கா, வீட்டுப் பூனைய நாங்க தொட மாட்டோம். தெருப் பூனைய ஏத்திட்டுப் போயி, குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணி, தூரமா கொண்டுபோய் விட்ருவோம். எது வீடு, எது தெரு, பாத்துச் சொல்லிருங்க.”

“இது எங்க மாமனாரு” என்றாள் பஞ்சவர்ணம்.

“சரிக்கா. அது?”

“அது எங்க ஆத்தா” என்றது பக்கத்து மாடி.

“இவரு எங்க கொழுந்தன், லாரி ஆபீசுல இருந்தாரு.”

சகாயம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். “நான் நம்புறேன்க்கா. நாளைக்கு வேற ஆளு வண்டியில வந்தா அவனுக்கு உங்க மாமனாரத் தெரியாதுல்ல? கழுத்துல ஒரு அடையாளம் கட்டி வைங்க.”

அவ்வளவுதான், சந்தே சீனியம்மா வீட்டு வாசலில் விழுந்தது. பாவாடைக்குக் கோக்கிற நாடா அவளிடம்தானே சுருள் சுருளாய்க் கிடக்கிறது? அவள் கத்தரியை எடுத்து வெட்டி வெட்டிக் கொடுத்தாள். மாமனாருக்குப் பச்சை, ஆத்தாளுக்கு ஊதா, கொழுந்தனுக்கு நீலம். சந்தில் செத்தவர்கள் எல்லாரும் பாவாடை நாடா கட்டிக்கொண்டு கௌரவமாய் உட்கார்ந்தார்கள். கடைசியில் குழாயடிக் கல்லில் ஒற்றைக் கழுத்து மட்டும் வெறுமனே இருந்தது.

“இந்தச் சாம்பல் யாரு வீடு?” என்றான் சகாயம்.

சந்து முழுக்கச் சீனியம்மாவைத் திரும்பிப் பார்த்தது. வீடு என்று சொன்னால் தவசி செத்தவன். தெரு என்று சொன்னால் வலை. குருவம்மா கிட்டே வந்து, கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள்: “சொல்லு சீனி. வீடா, தெருவா?”

சீனியம்மா கல்லுக்குப் போனாள். இத்தனை நாளில் முதல் தடவையாய் அந்தப் பூனையைத் தொட்டாள். பூனை அசையவில்லை. கழுத்து மயிருக்குள் விரலை விட்டவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். உள்ளே வட்டமாய் மயிர் தேய்ந்து, தோல் வழவழவென்று இருந்தது. யாரோ, எங்கேயோ, நாள்பட ஒரு கயிற்றைக் கட்டிவைத்திருந்த தடம். துணியில் கைப்பழக்கம் உள்ளவளுக்கு அது ஆண்பிள்ளை கட்டின இறுக்கமாய்த் தெரியவில்லை. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் பஞ்சவர்ணம் மூக்கைப் பொத்தினாள்.

“அடி பாவி! அமாவாசையும் அதுவுமா கருவாடு சுடுறா!”

நாடா கட்டின செத்தவர்கள் எல்லாரும் ஒரே தாவலில் மாடிக்கு ஏறினார்கள். கோச்சடையின் அப்பா ரெண்டு தடவை தும்மிவிட்டு மகனைப் பார்த்தார். அவன், நான் இல்லப்பா என்று கையை விரித்தான். பெண்கள் ஆளுக்கு ஒரு வசவு எடுக்குமுன்னே சீனியம்மா வெளியே வந்தாள். அவள் கையில் இருந்தது இலை இல்லை. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் தவசி பேரைப் புள்ளி புள்ளியாய் வெட்டினது, அவன் போன நாளிலிருந்து அலமாரியில் கவிழ்ந்தே கிடந்தது. அதில் பழைய சோறும், சுட்ட நெத்திலிக் கருவாடும், உரித்த சின்ன வெங்காயமும். அதைத் தன் வாசலில் வைத்தாள். கா என்று அவள் கூப்பிடவில்லை.

“இந்தாங்க. சாப்பிட வாங்க” என்றாள்.

சாம்பல் பூனை கல்லைவிட்டு இறங்கி, குருவம்மாவின் இலையைத் தாண்டி நேரே தட்டுக்கு வந்தது. கருவாட்டைத்தான் முதலில் எடுத்தது. தலையோடு, வாலோடு, கண்ணைச் சொருகிக்கொண்டு தின்றது. தின்று முடித்து நிமிர்ந்தபோது, செத்தவர்கள் பார்த்த மாதிரி முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் இருக்கா என்று கையைப் பார்த்தது.

குருவம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். “அமாவாசையில கருவாடு தின்னு அப்பாகிட்ட அடி வாங்குன பய” என்று சொல்லி, சிரித்தாளா அழுதாளா என்று தெரியாதபடிக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப செத்தவுக இல்ல” என்றாள் பஞ்சவர்ணம். “சட்டம் சட்டம்தான். சும்மா தெருப் பூனை.”

சகாயம் வலையைத் தூக்கினான்.

“வலையக் கீழ வைங்க தம்பி” என்றாள் சீனியம்மா. “செத்தவுக இல்லைன்னுதான இப்பத் தெரிஞ்சது? தெருன்னு யாரு சொன்னா? செத்தவுகளுக்கு மட்டுந்தான் இந்தச் சந்துல வீடா? உசுரோட இருக்கவுக சாப்பிட வரக்கூடாதா?”

மடியிலிருந்து ஒரு மஞ்சள் நாடாவை எடுத்து அதன் கழுத்தில் கட்டினாள், பாவாடைக்கு அவள் எப்போதும் போடுகிற முடிச்சு, இரட்டைச் சுருக்குப் போட்டு நுனியை உள்ளே மடித்துவிடுகிறது. சந்து அவள் பேச்சில் ஓட்டை தேடியது. தவசி எப்படிப் பூனையாகவும் எங்கேயோ உயிரோடும் இருக்க முடியும் என்று கேட்கலாம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் மாடியில் தும்முகிற மாமனாருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் கேட்கவில்லை. சகாயம் வலையைச் சுருட்டிக்கொண்டு காலி வண்டியோடு போனான். ஆனால் அன்றிலிருந்து சந்து அந்தப் பூனையை ஓரக்கண்ணாலேயே பார்த்தது.

கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கக் குருவம்மா முறையாகவே வந்தாள். வெற்றிலை பாக்கு, முனையில் மஞ்சள் தடவின பத்திரிகை, தட்டோடு கொண்டுவந்து குழாயடிக் கல்லுக்கு முன்னால் வைத்து, “தம்பி, மருமகன் கல்யாணம். முன்னக்கூட்டியே வந்துரு. அன்னைக்கும் ஒளிஞ்சுக்கிறாத” என்றாள். அன்றைக்கு அது டிரம்முக்குப் பின்னால் போகவில்லை. மண்டபத்தில் தாய்மாமனுக்கு விரித்த ஜமுக்காளத்தில் மஞ்சள் நாடாவோடு உட்கார்ந்திருந்தது. மாலையை அதன் முன்னங்காலில் தொட்டு எடுத்து மாப்பிள்ளை கழுத்தில் போட்டார்கள். பெண்வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். குருவம்மா பார்த்த பார்வையில் திரும்பிக்கொண்டு பாயசத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மறுவீட்டுச் சாப்பாடு முடிந்த கையோடு பூனை எழுந்து சந்து முனைக்கு நடந்தது. அங்கே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை சீனியம்மாவுக்குப் பழகின பார்வை. ‘இந்தா வந்துர்றேன்.’

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழாயடிக் கல்லில் பாசி படர்ந்தது. “எங்க, உங்க வீட்டுக்காரவுகளக் காணோம்?” என்று பஞ்சவர்ணம் எதிர்வாசலிலிருந்து தினமும் கேட்டாள், கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். சீனியம்மா தட்டைத் தினமும் கழுவி வைத்தாள். கவிழ்க்காமல் வைத்தாள்.

ஒரு மத்தியானம், சந்தில் முழங்கால் தண்ணீர் ஓடுகிற நேரத்தில், அது வந்தது. அவ்வளவு மழையிலும் மேல் நனையாமல், கொஞ்சம் சதை போட்டு, படியேறி முதல்முறையாய் வீட்டுக்குள்ளேயே வந்து மிசினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்தது. சீனியம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். குனிந்து கழுத்து நாடாவைப் பார்த்தாள்.

நாடா அவள் கட்டினதுதான். முடிச்சு அவளுடையது இல்லை.

யாரோ அவிழ்த்து, துவைத்து, மறுபடி கட்டியிருந்தார்கள். சின்னதாய், ஒற்றையாய், விரல் நுனியில் சுண்டிப் போடுகிற முடிச்சு. பூக்கட்டிப் பழகின கை போடுகிற முடிச்சு. மூக்கைக் கொண்டுபோனாள். மரிக்கொழுந்து வாசம்.

முதலில் நெஞ்சு குளிர்ந்தது. இருக்காக. எங்கேயோ ஒரு கூரைக்குக் கீழே நனையாமல் இருக்காக. தன் தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்கு அடுத்த மூச்சில் அந்தக் கையே இறங்கி நாடாவைப் பிடித்து இழுத்தது.

“யாரு அவ?” என்றாள்.

பூனை முன்னங்காலை நக்கத் தொடங்கியது. எதைக் கேட்டாலும் தவசி வேட்டிக் கரையைத் தடவிச் சரிபண்ணுவான், அந்த மாதிரி.

“வந்துட்டாகளா? எங்க போயிருந்தாகளாம்?” என்று எதிர்வாசலிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல், மழையைத் தாண்டி.

“இங்கதான், பக்கத்துல” என்று சத்தம் கொடுத்தாள் சீனியம்மா.

அந்த முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே தன் முடிச்சு ஒன்றை, இரட்டைச் சுருக்காய், கொஞ்சம் இறுக்கியே போட்டு நுனியை உள்ளே மடித்துவிட்டாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, டப்பாவிலிருந்து கருவாட்டை எடுத்துச் சுட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு, கருவாட்டைப் பிட்டு, பாதியைத் தட்டில் வைத்தாள். மீதிப் பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள்.

“இங்க அரை வயிறுதான்” என்று தட்டை அதன் பக்கம் தள்ளினாள். “மிச்சத்த அங்கனயே போயித் தின்னுக்கங்க.”